தாய்ப்பத்திரம் முதல் பிடிமண் வரை: குடும்ப வரலாறு தேடப் புகுவோருக்கு

பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தை மட்டும் போட்டுக்கொள்ளும் நம்மிடையே, அந்த எழுத்தைத் தாண்டிப் பாட்டனார் பெயர் வரை சொல்லத் தெரிந்தவர்கள் பலர். பாட்டனாரின் தந்தை பெயரைத் தயங்காமல் சொல்பவர்கள் சிலர். அவருடைய மனைவியின் பெயரைக் கேட்டால் அநேகமாக எல்லோரும் வாயடைத்துப் போகிறோம். தர்ப்பணம் செய்யும் குடும்பங்களில் தந்தை வழியிலும் தாய் வழியிலும் மூன்று தலைமுறைப் பெயர்கள், பெண்களின் பெயர்கள் உட்பட, வாய்வழியாகவே பிழைத்திருக்கின்றன. மற்றக் குடும்பங்களில் வம்சாவளியைத் தனி ஏடாக எழுதி வைத்தவர்கள் அரிது. அது நிலப் பத்திரத்திலும், குலதெய்வக் கோயிலின் வரி நோட்டிலும், பரணில் கிடக்கும் பித்தளைக் குடத்தின் கழுத்திலும் சிதறிக் கிடக்கிறது. தமிழ்நாட்டில் வேர் உள்ள ஒரு குடும்பத்தின் வரலாற்றை முதன்முறையாகத் தேடுபவர் எந்த வரிசையில் எங்கெங்கே செல்லலாம் என்பதை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒரு கொடிவழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். நான்கு தலைமுறை பின்னால் சென்றால் 16 முன்னோர், ஐந்து தலைமுறை சென்றால் 32 பேர். இவர்கள் எல்லோரையும் ஒரே மூச்சில் தேட முற்பட்டவர்கள் இரண்டாம் மாதமே நோட்டை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். "அப்பாவின் தாத்தா எந்த ஊரிலிருந்து இங்கே குடிவந்தார்?" என்பதுபோல் விடை இருக்கக்கூடிய ஒரே கேள்வியோடு புறப்படுவது நல்லது. மரத்தை வரையும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் மணந்துகொண்ட குடும்பங்களில் ஒரே மனிதர் இரண்டு கிளைகளில் வந்து நிற்பார். அவருக்கு இரண்டு கட்டம் போடாமல், ஆளுக்கு ஓர் எண் கொடுத்து, இரண்டாம் இடத்தில் அந்த எண்ணை மட்டும் எழுதுங்கள்.

வயதானவர்களிடம் கேட்பது

எந்த அலுவலகமும் நாளைக்குத் திறந்திருக்கும். எண்பத்தைந்து வயதுப் பெரியம்மா அப்படியல்ல. ஆகவே முதல் பயணம் அவரிடம்தான். நாற்காலியில் எதிரே உட்கார்ந்து கேள்வித்தாளை வாசித்தால் பதில் வராது. பழைய நிழற்படம் ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, கீரை ஆய்ந்துகொண்டோ பூத் தொடுத்துக்கொண்டோ பேச விடுங்கள். ஆண்டைக் கேட்டால் சொல்லத் தெரியாது. நிகழ்ச்சியைக் கேட்டால் தெரியும். "தனுஷ்கோடி அழிந்த புயலுக்கு முன்னாலா பின்னாலா?" என்றால் 1964 டிசம்பர் ஓர் எல்லைக்கல்லாக நிற்கும். காவிரிக் கழிமுகத்தில் 1952 நவம்பர் புயலும், பர்மாவிலிருந்து நடந்தே திரும்பியவர்களின் குடும்பங்களில் 1942-ஆம் ஆண்டும் அதே வேலையைச் செய்யும்.

ஒரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. முந்தைய தலைமுறைப் பெண்கள் கணவர் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். சிலர் மாமனார் பெயரையும் சொல்ல மாட்டார்கள். என் பாட்டியிடம் தாத்தாவின் முழுப்பெயரைக் கேட்டபோது, "திருச்செந்தூர்ல இருக்காரே, அவரு பேரு" என்றார். சுப்பிரமணியனா, செந்திலா, சண்முகமா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்லிவர, சரியான பெயர் வந்ததும் சிரித்துத் தலையாட்டினார். இப்படிப்பட்ட இடத்தில் கொழுந்தியாரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ உடன் வைத்துக்கொண்டால் வேலை எளிது. வீட்டில் அழைத்த பெயர், பள்ளியில் எழுதிய பெயர், ஊரார் வைத்த பட்டப்பெயர் மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பத்திரத்தில் எது இருக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கத்தால் ராமசாமி மகன் முத்துசாமி, முத்துசாமி மகன் ராமசாமி என்று பெயர்கள் மாறி மாறி வரும். ஆகவே வெறும் பெயரை நம்பாமல் தந்தை பெயர், ஊர், ஏறத்தாழ எந்தக் காலம் என்ற மூன்றையும் சேர்த்தே ஒருவரை அடையாளம் காண வேண்டும்.

பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்தால் அன்றிரவே கோப்புக்குப் பேசியவர் பெயரையும் தேதியையும் இட்டு வேறோர் இடத்திலும் சேமித்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யவில்லை. கைப்பேசி மாற்றியபோது ஒன்றரை மணி நேரப் பேச்சு போயிற்று, அடுத்த ஆண்டு பேசியவரும் போய்விட்டார்.

வீட்டுக்குள் இருக்கும் ஆவணங்கள்

டிரங்குப் பெட்டியைத் திறந்தால் எல்லோரும் முதலில் தேடுவது பத்திரத்தைத்தான். என்னைக் கேட்டால் மொய் நோட்டுக்கு முதலிடம் கொடுப்பேன். ஒரு திருமணத்துக்கு எந்தெந்த ஊரிலிருந்து யார் யார் வந்து எவ்வளவு எழுதினார்கள் என்பது வரிசையாக அதில் இருக்கும். அறுபது ஆண்டுக்கு முந்தைய மொய் நோட்டு ஒன்று கிடைத்தால் அது அன்றைய உறவின் வரைபடம். தாய்மாமன் எழுதிய தொகை பெரிதாகவும் முன்னாலும் இருப்பதால், பாட்டியின் பிறந்த வீட்டு ஊர் அங்கேயே தெரிந்துவிடும். பாட்டன்மார் பெயருடன் அச்சிட்ட திருமணப் பத்திரிகை, மகன் மகள் மருமகன் பேரன் என்று எல்லோரையும் வரிசைப்படுத்தும் கருமாதிப் பத்திரிகை, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம், படைத்துறைப் பணிச் சான்று ஆகியவையும் பயன்படும்.

சீர்வரிசைப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள். எங்கள் வீட்டுப் பித்தளைக் குடம் ஒன்றின் கழுத்தில், உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகளில், கொள்ளுப்பாட்டியின் தந்தை பெயரின் முதலெழுத்தும் அவள் பெயரும் ஊரின் முதல் இரண்டு எழுத்தும் இருந்தன. புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கம் மழுங்கியிருந்தது; மாவைத் தடவித் துடைத்த பிறகுதான் படிக்க முடிந்தது. அவள் பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் இன்றுவரை அந்தக் குடம்தான்.

சாதகக் குறிப்பு கிடைத்தால் பிறந்த ஆண்டு உறுதிப்படும், ஆனால் கவனம் வேண்டும். தமிழ் ஆண்டுப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வருவதால், தாது வருஷம் என்பது பெரும் பஞ்சம் தொடங்கிய 1876-ஆகவும் இருக்கலாம், 1936-ஆகவும் இருக்கலாம். பிள்ளைகளின் வயதை வைத்து எது என்று முடிவு செய்யுங்கள். பழைய எழுத்துகளில் ௧, ௨, ௩ என்ற தமிழ் எண்களும், பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்ற குறிகளும் வரும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ நாள், ௸ மேற்படி, ௹ ரூபாய். இந்தப் பத்துப் பன்னிரண்டு குறிகளை ஒரு தாளில் எழுதிக் கையோடு வைத்திருந்தால் பாதிப் பத்திரங்களைப் பிறர் உதவியின்றிப் படிக்கலாம்.

நிலத்தைப் பின்தொடர்தல்

ஒரு காணி நிலமாவது இருந்த குடும்பத்துக்கு இதுவே நெடுந்தூரம் செல்லும் பாதை. மனிதருக்குச் சான்று எழுதி வைக்காத காலத்திலும் நிலத்துக்கு எழுதி வைத்தார்கள். தற்போது கையில் இருக்கும் பத்திரத்தில், இந்தச் சொத்து தமக்கு எப்படி வந்தது என்று எழுதிக்கொடுப்பவர் சொல்லும் வரியைப் பாருங்கள். "பிதுரார்ஜிதமாய்" என்றால் தந்தை வழி வந்தது. "சுயார்ஜிதமாய்" என்றால் தாமே வாங்கியது. வாங்கியதானால் முந்தைய பத்திரத்தின் எண்ணும் ஆண்டும் பதிவு அலுவலகமும் குறிப்பிடப்பட்டிருக்கும். அந்த முந்தைய பத்திரத்தைத் தாய்ப்பத்திரம் என்பார்கள். தாயைப் பிடித்து, அதன் தாயைப் பிடித்து, இப்படியே பின்னோக்கிச் செல்ல வேண்டியதுதான்.

பத்திரம் கையில் இல்லையென்றால், ஒரு சொத்தின்மேல் பதிவான பத்திரங்களைப் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிலிருந்து தொடங்கலாம். 1975-க்குப் பிந்தைய பதிவுகளைத் தமிழ்நாடு பதிவுத் துறையின் இணையதளத்தில், கிராமத்தின் பெயரையும் சர்வே எண்ணையும் கொடுத்துப் பார்க்க முடிகிறது. அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு எழுதி, தேடும் ஆண்டுகளுக்கான கட்டணம் செலுத்த வேண்டும். 1860-களின் நடுப்பகுதியில் பதிவுச் சட்டம் வந்ததிலிருந்து பதிவேடுகள் தொடங்குகின்றன. இப்போது நடைமுறையில் இருப்பது 1908-ஆம் ஆண்டுச் சட்டம். அசையாச் சொத்து தொடர்பான முதலாம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் உரிய கட்டணம் செலுத்தும் எவரும் பார்க்க அச்சட்டம் இடம் தருகிறது. பெயர்வாரி அட்டவணை ஒன்றும் சொத்துவாரி அட்டவணை ஒன்றும் இருக்கும். குடும்ப வரலாறு தேடுபவருக்குப் பெயர்வாரி அட்டவணையே பெரிய உதவி. உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் பதிவாகின்றன. உயில் எழுதியவர் இறந்த பிறகுதான் மற்றவர்கள் நகல் பெற முடியும்.

இரண்டு இடங்களில் புதியவர்கள் வழி தவறுவார்கள். ஒன்று, அலுவலக எல்லை. இன்று உங்கள் கிராமம் எந்தச் சார்பதிவகத்தில் இருக்கிறதோ அதே சார்பதிவகத்தில்தான் 1920-இலும் இருந்தது என்று கொள்ளக்கூடாது. பழைய பத்திரத்தின் முத்திரையில் எந்த அலுவலகத்தின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டாவது, சர்வே எண். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், யூ.டி.ஆர். என்று மக்கள் சொல்வது அதைத்தான், பல நிலங்களின் எண்ணும் உட்பிரிவும் மாறின. கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ பழைய எண்ணுக்கு ஈடான புதிய எண் எது என்று கேட்டு உறுதி செய்யாமல் கட்டணம் கட்டாதீர்கள். எண்ணைச் சரிபார்க்காமல் மனுக் கொடுத்து, யாரோ ஒருவர் குடும்பத்தின் முப்பதாண்டு வில்லங்கத்தைப் பணம் கட்டி வாங்கி வந்து, அதை இரண்டு நாள் ஆர்வமாகப் படித்தும் இருக்கிறேன்.

கிடைக்கும் பத்திரங்களில் பாகப்பிரிவினைக்கு ஈடு எதுவும் இல்லை. பங்காளிகள் அனைவரும், இறந்த சகோதரனின் பிள்ளைகள் உட்பட, தந்தை பெயரோடும் வயதோடும் அதில் நிற்பார்கள். "மைனர், கார்டியன் தாயார்" என்று ஒரு பெயருக்குப் பக்கத்தில் இருந்தால், அந்தத் தேதிக்குள் அச்சிறுவனின் தந்தை பெரும்பாலும் காலமாகியிருக்க வேண்டும் என்று கொள்ளலாம். அதே வரியில் தாயாரின் பெயரும் கிடைக்கிறது. சக்குபந்தி, அதாவது நிலத்தின் நான்கு எல்லைகளையும் சொல்லும் பகுதியையும் தாண்டிப் போகாதீர்கள். வடக்கே இன்னார் நிலம், கிழக்கே இன்னார் நிலம் என்று வரும் பெயர்கள் பெரும்பாலும் முன்பே பிரிந்துபோன பங்காளிகளுடையவை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் மாமன் மச்சான் இருப்பார்கள். பத்திரம் எழுதியவரின் பெயரும் கடைசியில் இருக்கும்.

பாகப்பிரிவினையில் இல்லாதவர்கள் பெண் மக்கள். தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு தந்த சட்டத்திருத்தம் 1989-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பத்திரத்தில் நான்கு மகன்கள் மட்டும் இருந்தால் மகளே பிறக்கவில்லை என்று மரத்தை முடித்துவிடாதீர்கள். கல்யாணத்தின்போது மகளுக்கு எழுதிவைத்த மஞ்சள்காணிப் பத்திரம், ஸ்ரீதனச் சொத்தை அவள் விற்ற கிரயப் பத்திரம் ஆகியவற்றை அவள் கணவன் ஊர்ப் பதிவகத்திலும் தேட வேண்டும்.

வருவாய்த் துறைப் பக்கம் பட்டா, சிட்டா, அ பதிவேடு ஆகியவை இன்றைய நிலையைச் சொல்வன. பழங்காலத்துக்கு, நிலவரித் திட்டத்தின்போது தயாரான செட்டில்மெண்ட் பதிவேடுகளும், மானிய நிலம் பெற்ற குடும்பமானால் 1860-களில் எழுதப்பட்ட இனாம் பதிவேடுகளும் வேண்டும். இனாம் பதிவேட்டில் மானியத்தை முதலில் பெற்றவர், அப்போது அனுபவித்தவர், அவர்களுக்கு இடையிலான உறவு ஆகியவை கேட்டு எழுதப்பட்டிருப்பதால், ஒரே பக்கத்தில் மூன்று தலைமுறை கிடைத்த குடும்பங்கள் உண்டு. இவற்றைச் சென்னை எழும்பூரில் 1909 முதல் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம். அடையாளச் சான்றோடு மனுக் கொடுக்க வேண்டும். கிராமத்தின் பெயரோடு அக்காலத்துத் தாலுக்கா, ஜில்லாப் பெயர்களையும் எழுதிக்கொண்டு போனால்தான் ஊழியர்களால் எடுத்துத்தர முடியும். வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி என்ற வருவாய் ஆண்டின் எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில ஆண்டு வரும்: பசலி 1320 என்றால் 1910 ஜூலை முதல் 1911 ஜூன் வரை. நாஞ்சில் நாட்டுப் பத்திரங்களில் கொல்லம் ஆண்டு இருக்கும். அதனோடு 824-ஐயோ 825-ஐயோ மாதத்துக்கேற்பக் கூட்டுங்கள்.

நிலமே இல்லாத குடும்பங்களுக்கு இப்பாதை அடைத்தே இருக்கிறது. குத்தகைக்கும் கூலிக்கும் உழுதவர்களின் பெயர்கள் பத்திரத்தில் ஏறவில்லை. அவர்கள், நான் அடுத்துச் சொல்லும் கோயில், பள்ளி, திருச்சபை, கப்பல் பதிவேடுகளை நம்பியே தேட வேண்டியிருக்கிறது.

பிறப்பு, இறப்பு, பள்ளி, திருச்சபை, ஜமாஅத்

நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969-ஆம் ஆண்டினது. அதற்கு முன்பே சென்னை மாகாணத்தில் 1899-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனால் பழைய பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயர் இல்லாமல் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருப்பது சாதாரணம். தந்தை பெயரையும் ஊரையும் வைத்தே தேடுங்கள். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் நிச்சயம் இருக்கும், பிறந்த தேதி நம்பத்தக்கதல்ல. ஐந்து வயது ஆக்குவதற்காக வாத்தியார் போட்ட தேதி அது.

கிறித்தவக் குடும்பங்களுக்குத் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகள் பங்கிலேயே இருக்கும். கத்தோலிக்கத் திருமுழுக்குப் பதிவேட்டில் ஞானப் பெற்றோரின் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் உறவினர்கள். சபை மாறியபோது பெயரும் மாறியிருக்கக்கூடும் என்பதால் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் அந்த ஒரு வரியைத் தவறவிடக்கூடாது. இசுலாமியக் குடும்பங்கள் மஹல்லா ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டைக் கேட்க வேண்டும். நகரத்தார் என்றால் ஒன்பது கோயில்களில் எந்தக் கோயில், எந்தப் பிரிவு என்று தெரிந்தாலே கோயிலின் புள்ளிக் கணக்கில் (மணமானவர்களின் பட்டியலில்) குடும்பத்தைப் பிடித்துவிடலாம். திருமணத்தின்போது எழுதும் இசைகுடிமானத்தையும் வீட்டில் தேடிப் பாருங்கள்.

குலதெய்வக் கோயில்

பிழைப்புக்காக மூன்று ஊர் மாறிய குடும்பமும் குலசாமியை மாற்றிக்கொள்வதில்லை. ஆகவே குலதெய்வம் எங்கே இருக்கிறதோ, அங்கே ஒரு காலத்தில் நம்மவர்கள் வாழ்ந்திருப்பார்கள் என்று கொண்டு தேடலாம். மதுரைப் பக்கம் மாசி சிவராத்திரிக்கும், நெல்லைப் பக்கம் பங்குனி உத்திரத்துக்கும் பங்காளிகள் கூடுவார்கள். அன்றைக்குப் போனால் ஓராண்டு அலைச்சல் மிச்சம். கோயில் வரி வசூலிப்பவரிடம் தலைக்கட்டுப் பட்டியல், அதாவது வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல் இருக்கும். பழைய வரி நோட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சுவரில் பதித்த உபயக் கல்லைப் படமெடுங்கள். டியூப் லைட்டில் எழுதிய உபயப் பெயரும் இருபது ஆண்டு கழித்து ஒருவருக்கு ஆவணமாகும் என்பதால் அதையும் விடவேண்டாம்.

பூசாரியிடமும் பெரியவர்களிடமும் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி, "இந்தச் சாமிக்குப் பிடிமண் எங்கிருந்து வந்தது?" என்பது. குடிபெயர்ந்தவர்கள் பழைய கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துவந்து புதிய ஊரில் கோயில் எழுப்புவார்கள். அந்தப் பழைய ஊரின் பெயரைப் பட்டா மறந்தாலும் பூசாரி மறக்க மாட்டார். பெண்வழிக்கு, பாட்டியின் பிறந்த வீட்டுக் குலசாமி எது என்று தனியே கேளுங்கள். வீட்டுச் சாமியாகச் சேலை வைத்துக் கும்பிடப்படும் கன்னிகளும் சுமங்கலிகளும் இளவயதில் இறந்துபோன அந்த வீட்டுப் பெண்களே. பிள்ளையில்லாமல் இறந்ததால் எந்த மரத்திலும் ஏறாத பெயர்கள் அங்கே இருக்கின்றன.

அறிமுகமில்லாத ஊரில் பழைய பெயர்களை விசாரித்தால், சொத்துக்குப் பங்கு கேட்க வந்திருக்கிறார் என்றே முதலில் நினைப்பார்கள். ஆகவே ஊருக்குத் தெரிந்த ஒருவரோடு போங்கள், முதல் நாளில் பத்திரம் பற்றிப் பேச வேண்டாம், உங்களிடம் இருக்கும் நிழற்படங்களின் நகலைக் கையோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

கடல் கடந்தவர்களின் சந்ததியினர்

இவர்களுக்கு ஒரு வகையில் உள்ளூர்க்காரர்களைவிட நல்ல ஆவணம் இருக்கிறது. சென்னையிலிருந்து புறப்பட்ட டுரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது முதல் 1911 வரை 1,52,000-க்கும் மேற்பட்டோர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். கப்பல் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தந்தை பெயர், வயது, சாதி, கிராமம், தாலுக்கா, ஜில்லா, உடலில் உள்ள தழும்பு வரை எழுதப்பட்டன. குடும்பத்தின் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளில் அந்த எண்ணைத் தேடுங்கள், அதுவே திறவுகோல். மொரீஷியசுக்குப் போனவர்களின் குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பலருடைய நிழற்படங்களும் உண்டு. பிஜிக்கு 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்களின் அனுமதிச் சீட்டுகளைச் சுவாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கேட்கலாம்.

கங்காணி என்ற ஆள்சேர்க்கும் மேஸ்திரி வழியாக மலாயாவுக்கும் இலங்கைக்கும் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு சீட்டாகத் தேடும் வசதி குறைவு. இலங்கை மலையகத்திலிருந்து 1964-ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் திரும்பியவர்கள், மண்டபம் முகாம் வழியாக வந்தபோது கையில் இருந்த பயண ஆவணங்களையும் குடும்ப அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும். பாட்டன் புறப்பட்ட ஊரைப் பற்றி எழுத்தில் கிடைப்பது பல வீடுகளில் அவ்வளவுதான்.

வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரைத் தமிழில் மீட்பது தனிக் கலை. டின்னவேலி, டிரிச்சினாபோலி, சிங்கில்புட் எவை என்று கண்டுபிடிப்பது எளிது. சிற்றூர்ப் பெயர்தான் சோதிக்கும். பெயரை உரக்கச் சொல்லிப் பாருங்கள், ழகர ளகரங்களையும் குறில் நெடில்களையும் மாற்றிப் பாருங்கள், பிறகு 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேட்டில் அந்தத் தாலுக்காவின் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் நான்கு ஊர் இருக்கும். தாலுக்கா தெரியாமல் பயணச்சீட்டு வாங்கக்கூடாது.

மரபணுச் சோதனை உள்ளூரில் இருப்பவருக்கு இப்போதைக்குப் பெரிய உதவி செய்யாது. கடல் கடந்த கிளைகள் ஒன்றையொன்று கண்டுகொள்ள அது உதவலாம், ஆனால் சொந்தத்துக்குள் மணந்த குடும்பங்களில் தூரத்து உறவும் நெருங்கிய உறவுபோல் காட்டும்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு செய்திக்கும் பக்கத்திலேயே அது எங்கிருந்து வந்தது என்று எழுதுங்கள்: பெரியம்மா சொன்னது, தேதி, கிரயப் பத்திரம், எண், ஆண்டு, அலுவலகம். பத்திரத்தின் எழுத்துப்பிழையைத் திருத்தாமல் உள்ளபடியே படியெடுங்கள். இரண்டு சான்றுகள் முரண்பட்டால் இரண்டையும் வைத்திருங்கள். தாத்தா இறந்த ஆண்டு பற்றி என்னிடம் மூன்று விடைகள் இருக்கின்றன, எதையும் நான் அழிக்கவில்லை. சாதிச் சங்க மலர்களில் வரும் அரச வம்சக் கதைகளைத் தனித் தாளில் வையுங்கள். உங்கள் குடும்பத்தின் பெயர் சொல்லும் ஆவணத்தோடு இணையும்வரை அவை மரத்தில் ஏறக்கூடாது. கணினியில் செய்ய விரும்புபவர்களுக்குக் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் போதும், தமிழ்ப் பெயர்களை ஏற்கும். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, ஆதார் எண், சொத்து விவரம் ஆகியவற்றைக் குடும்பக் குழுவிலும்கூடப் போட வேண்டாம்.

அடுத்த கோயில் கொடைக்கு, இதுவரை சேர்ந்த மரத்தைப் பெரிய தாளில் அச்சிட்டு, நான்கு சிவப்புப் பேனாவோடு கொண்டுபோய்த் திண்ணையில் விரித்துவிடுங்கள். விடுபட்டவர்களையும் தவறாக எழுதியவர்களையும் மாலைக்குள் பங்காளிகளே எழுதிக் கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்திலும் எழுதியவரின் பெயரை வாங்கிக்கொள்ள மட்டும் மறக்காதீர்கள்.